படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது

9 செப்டம்பர் 2024, திங்கள்

இன்று சாம்பாரில் ரசப்பொடியைப் போட்டுவிட்டேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மஞ்சள் பாக்கெட். மேலே இருக்கிற பெயர் மட்டும்தான் வேறு. அந்தப் பெயர்தான் எனக்கு இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, இரண்டு வாய் பிசைந்து தின்றுவிட்டு, "ஏட்டி, இன்னைக்கு ரசம் கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்றார். பருப்பு ரசம் என்று சொல்லிவிட்டேன். மனிதர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற காஜா தம்பி, தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி போதுமாம். யாருக்கும் காட்ட வேண்டாமாம். எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? கை பாட்டுக்கு எழுதுகிறது. பிழைகூட இல்லை என்று என் மகள் செல்வி சொல்கிறாள். ஆனால் எழுதி முடித்து இதே பக்கத்தைத் திரும்பப் பார்த்தால் என் கையெழுத்து என்று தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

எப்படி ஆயிற்று என்றும் எழுதி வைக்கிறேன். ஜூலையில் குற்றாலம் ஐந்தருவியில் சீசன் கூட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து. பெண்கள் பக்கம் வரிசை எனக்கு. உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறது கூட்டம். தரையெல்லாம் எண்ணெய். கால் வழுக்கியது வரை நினைவு இருக்கிறது. பின்னந்தலையில் இடது பக்கம் ரத்தகசிவு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் விழித்தபோது எல்லோரையும் அடையாளம் தெரிந்தது, பேச்சு வந்தது. கட்டிலுக்கு எதிரே ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அது என்ன பாஷை என்று கேட்டேன். தமிழ்தான் என்றார்கள்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "கண்ணு நல்லா இருக்கு. எழுத்து தெரிஞ்ச இடமும் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வயர் அறுந்திருக்கு." எழுதுகிற வயர் வேறாம். அது அறுந்துபோகவில்லை.

நான் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். ஏட்டம்மா உமாராணி என்றால் கையெழுத்துக்குப் பெயர் போனவள். புகார் கொடுக்க வருகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்தோ ரேகையோ. அதுதான் என் சோலி. இப்போது எழுத வரும், படிக்க வராது. பதவியின் பெயருக்குப் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறேன்.

திரும்ப வரும். எனக்குச் சந்தேகம் இல்லை.

12 செப்டம்பர், வியாழன்

எண்கள் மட்டும் அப்படியே தெரிகின்றன. காலண்டரில் தேதி வருகிறது, கிழமை வரவில்லை. கிழமையைச் செல்வியிடம் கேட்டு எழுதுகிறேன். நான் விழுந்த ஜூலையில்தான் சட்டப் பிரிவுகளுக்கும் எண் மாறியது. அடித்தால் முன்பு 323, இப்போது 115(2). அது மறக்கவில்லை. அடித்தார் என்ற சொல்லை வாசிக்கத்தான் வரவில்லை.

18 செப்டம்பர், புதன்

காஜா தம்பியிடம் இன்று வாய்ச்சண்டை. யானைப்பாலம் பக்கம் ஒரு மாடியில் அவருடைய அறை. கடையநல்லூர்ப் பையன், என் தம்பியை விடச் சின்ன வயது, ஆனால் கண்டிப்பில் எங்கள் இன்ஸ்பெக்டருக்கு அண்ணன்.

எனக்கு இரண்டு கோளாறாம். எழுத்து தெரியாதது ஒன்று. பார்வையில் வலது பக்கம் மறைந்திருப்பது இன்னொன்று. சொல்லின் தலை தெரியும், வால் தெரியாது. வாலை நானே ஊகித்துக்கொள்கிறேன். "இங்கிலீஷ்காரனுக்கு இந்த நோவு வந்தா கொஞ்சம் தப்பிச்சுக்கிடுவான் அக்கா. நமக்கு எல்லாமே வால்லதான் இருக்கு. வந்தானா வந்தாளா, வருவானா வரமாட்டானா, எல்லாம் கடைசியில" என்றார். பக்கத்தின் வலது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். சிவப்பைக் கண்ணால் தொடாமல் அடுத்த வரிக்கு இறங்கக் கூடாதாம்.

"பைய வாசிங்க அக்கா. வெரசா வாசிச்சு என்ன ஆகப் போகுது."

எனக்குப் பைய என்ற சொல்லே பிடிக்காது. ஸ்டேஷனில் நான் புகாரை வாசித்துக் காட்டினால் எக்ஸ்பிரஸ் வண்டி போன மாதிரி இருக்கும்.

2 அக்டோபர், புதன்

என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கிற தேவா, ஒரு சீப்பு பழத்தோடு பார்க்க வந்தான். கான்ஸ்டபிள். நல்ல பையன், எழுத்து மட்டும் கோழி கிளறியது. "யக்கா, வெரசா வாங்க. எனக்குக் கை ஒடியுது" என்றான். இன்ஸ்பெக்டர் பரமசிவன் சார் சொல்லி அனுப்பிய செய்தியையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். அடுத்த சீசன் தொடங்குகிற வரைக்கும் என் இடத்தை அப்படியே வைத்திருப்பாராம். அதற்குள் எனக்கு வாசிக்க வரவில்லை என்றால் வேறு ரைட்டரைப் போட்டுவிடுவாராம். சீசன் கூட்டத்தில் ஸ்டேஷனுக்கு முழு ரைட்டர் வேண்டும் என்பது நியாயம்தான்.

நியாயம்தான். ஆனால் அது என் மேசை. வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்கு வயிறு எரியும்.

11 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்தாயிற்று, இன்றைக்கு யாரும் எதையும் படிக்கக் கூடாது. எனக்கு ஜூலையில் இருந்தே சரஸ்வதி பூஜை.

12 அக்டோபர், சனி

விஜயதசமி. செல்வி ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு வந்தாள். செங்கோட்டைப் பக்கம் அவளுடைய சிநேகிதி வீட்டில் குழந்தைகளை இப்படித்தான் எழுத்துக்கு இருத்துவார்களாம். "யம்மா, உக்காரு. உனக்கும் இருத்திருவோம்." பன்னிரண்டாவது படிக்கிறவளுக்கு என்னைக் கண்டால் எல்லாம் விளையாட்டு. அ எழுதினேன். ஆ எழுதினேன். நான் எழுதுவதில் என்ன புதுமை?

பிறகு அவள் என்ன நினைத்தாளோ, "கண்ணை மூடு" என்றாள். என் ஆட்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் அவளே எழுதினாள். சுழி, கீழே இறக்கம், வளைவு. விரல் போகிற போக்கில் வாய் சொல்லிவிட்டது: ம. அடுத்தது ழை. மழை என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அரிசியில் வழக்கம்போல எறும்பு. கண்ணை மூடினால் மழை.

அவள் விரலை விடாமல் இன்னும் எழுதினாள். பூனை. தாம்பாளம். அப்பா. எல்லாம் வந்தது. வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர், டெம்போவுக்கு டீசல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நேற்றுத்தான் போட்டார். நானும் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

16 அக்டோபர், புதன்

அரிசியைப் பற்றிச் சொன்னதும் காஜா தம்பி எழுந்தே நின்றுவிட்டார். அவர் அடுத்த மாதம் செய்யலாம் என்று வைத்திருந்த பயிற்சியை ஒரு பள்ளிக்கூடப் பெண் தொடங்கி வைத்துவிட்டாளாம். அறுந்த வயரை விட்டுவிட்டு, கை வழியாகச் சுற்றுப்பாதை. இனி அச்சில் இருக்கிற எழுத்தைப் பார்த்து, அதன் மேல் விரலை ஓட்டி, விரல் சொல்வதை வாய் சொல்ல வேண்டும்.

நேர் ரோட்டில் பாலம் உடைந்தால் பாவூர்சத்திரம் போகாமல் இருக்கிறோமா?

5 நவம்பர், செவ்வாய்

கால் எது, ர எது? கா என்பதை கர என்கிறேன். ராஜா என்பது எனக்கு ரரஜர. இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வைத்திருக்கக் கூடாதா? கொம்பு அதைவிட மோசம். எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் பின்னால் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் எப்படித்தான் வாசித்தேன்?

மாலையில் அவர் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். சந்தையில் சரக்குச் சீட்டு வாசிப்பதோடு சரி. "உச்ச நீதி மன்றம்" என்பதை மூன்று இடத்தில் நிறுத்தி வாசித்தார். நானும் அவரும் இப்போது ஒரே வகுப்பு.

24 நவம்பர், ஞாயிறு

தனியாகச் சிவகிரிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கூட வருகிறேன் என்றவர்களை எல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். புது பஸ் ஸ்டாண்டில் நின்று, ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, தொடையில் விரலால் எழுதிப் பார்த்தேன். சி. வ. சிவகிரி. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ராணி மாதிரி உட்கார்ந்தேன் என்றே எழுதலாம்.

வாசுதேவநல்லூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்டக்டரிடம், "சிவகாசி எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது சிவகிரி வண்டி இல்லையா அண்ணாச்சி?"

"சிவகாசி வண்டி ஏட்டம்மா. சிவகிரி வழியாத்தான போவுது. உங்கள இறக்கிவிட்டுட்டுப் போவோம்" என்றார் கண்டக்டர்.

இறங்கினேன். அம்மா வீட்டு வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். தப்பாக வாசித்தாலும் சரியான ஊரில் இறங்குகிற ராசி எனக்கு.

27 நவம்பர், புதன்

காஜா தம்பி சிரிக்கவில்லை.

"வேற ஊருக்குப் போயிருந்தா நல்லது அக்கா. மூளை ஒரு அடி பட்டுத் திருந்தியிருக்கும். இது சரியான ஊருல கொண்டு இறக்கிவிட்டுருச்சு. இனிமே பாதிச் சொல்லைப் பாத்துட்டு மீதிய அதுவே போட்டுக்கிடும்."

போர்டில் சிவப்புக் கோடு போட முடியுமா என்று கேட்டேன். போட முடியாது, அதனால்தான் கண்ணிலேயே கோடு இருக்க வேண்டும் என்றார். இந்தப் பிள்ளைக்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

16 டிசம்பர், திங்கள்

ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது இப்போதைய பயிற்சி. எனக்குப் பிடித்ததைக் கொண்டு வரலாம் என்றார். நான் எதைக் கொண்டு போவேன்? புகார் எழுதுகிற மாதிரிப் படிவம்தான். வீட்டில் நாலு நாள் வாசித்தேன். கடைசி நாள் தடதடவென்று வந்தது. வீட்டுக்காரர் கைதட்டினார். செல்வி போனில் படம் பிடித்தாள்.

இன்று காஜா தம்பி அதையே டைப் செய்து வைத்திருந்தார். வாசித்தேன். எதிரி என்னை வழிமறித்து, அசிங்கமாகப் பேசி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்துச் சென்றார். மூச்சுக்கூட விடவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பைய, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து அதையே வாசித்துக் காட்டினார். எதிரி என்னை வழிமறிக்காமல், அசிங்கமாகப் பேசாமல், கையால் அடிக்காமல், கொலை மிரட்டல் விடுக்காமல் சென்றார்.

"அந்த ஆளு சும்மா நடந்து போயிருக்கான் அக்கா. நீங்க அவனப் புடிச்சு உள்ள போட்டுட்டீங்க. நீங்க வாசிக்கல. ஒப்பிச்சீங்க."

அந்தத் தாளைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்னத்த வாசிச்சேன் நான்? அவ்வளவு பேரு முன்னால வாசிக்கேன் வாசிக்கேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே. பாவி, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா. ஒவ்வொரு வாலையும் மாத்தி வச்சு உக்காந்திருக்கான். நாளைக்குப் போக மாட்டேன். போவே மாட்டேன். போலீஸ்காரிகிட்டயே பொறி வைக்கியா நீ?

17 டிசம்பர், செவ்வாய்

போகவில்லை.

3 ஜனவரி 2025, வெள்ளி

இத்தனை நாளும் எழுதவும் இல்லை. சமையல்கட்டில் எண்ணெய்ப் பாட்டிலுக்குக் கீழே, காஜா தம்பி டைப் செய்த அந்தத் தாளைப் போட்டு வைத்திருந்தேன். வேண்டும் என்றேதான். இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்துத் துடைத்தேன். வலது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டேன். வழி என்று தொடங்கியதுமே வாய் ஓடப் பார்த்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு விரலை ஓட்டினேன். ம. றி. க். கா. ம. ல். மறிக்காமல்.

ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதையும் பார்க்கவில்லை. கடைசியில் "சென்றார்" வரைக்கும் வந்தேன். அந்த மனிதன் எதுவுமே செய்யாமல் சென்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவன் மேல் இப்படி ஒரு புகார்.

விழுந்ததற்குப் பிறகு நான் உண்மையிலேயே வாசித்த முதல் பத்தி இதுதான். காஜா தம்பிக்குப் போன் செய்து திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். "ஆளு என்ன ஆனான் அக்கா?" என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். சாம்பார்ப் பொடியை வாசித்து எடுத்து, சாம்பாரில்தான் போட்டேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, பழைய பருப்பு ரசமே நன்றாக இருந்தது என்கிறார்.

10 பிப்ரவரி, திங்கள்

டூட்டியில் சேர்ந்துவிட்டேன். டாக்டர் சான்றிதழில் இலகுவான பணி என்று இருப்பதால் வாசலில் ரிசப்ஷன். வருகிறவர்களை உட்காரச் சொல்வது, என்ன ஏது என்று கேட்பது. உள்ளே என் மேசையில் தேவா. அவனுடைய பச்சைத் தண்ணீர் பாட்டில் என் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கூட்டம் அதிகமானால் என்னைக் கூப்பிடுகிறான். புகாரை நான் எழுதுகிறேன், அவன் படித்துக் காட்டுகிறான். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, ரெண்டு பேரு சேந்து ஒரு ரைட்டரா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

16 மார்ச், ஞாயிறு

ஐந்தருவிக்குப் போனோம். குற்றாலத்தில் ஒரு ஓட்டலுக்குத் தக்காளி இறக்க வேண்டியிருந்தது, டெம்போவில் நானும் ஏறிக்கொண்டேன். அருவியில் நூல் நூலாகத்தான் தண்ணீர். விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

தலைக்கு மேலே ஒரு போர்டு. விரலைத் தொடையில் ஓட்டினேன். எ-ண்-ணெ-ய், சோ-ப்-பு. வாய் ஓடப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். பயன்படுத்தக். கடைசி வரைக்கும் போனேன். கூடாது.

அதே போர்டுக்குக் கீழேதான் போன வருடம் எண்ணெயில் வழுக்கி விழுந்தேன். அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேருக்கும் வாசிக்கத் தெரியும். இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பத்திரமாகச் சிரியுங்கள், இது அந்த இடம் என்றேன்.

4 மே, ஞாயிறு

இந்த நோட்டின் முதல் பக்கத்தை இன்று வாசித்தேன். கையெழுத்துக்குப் பெயர் போனவள் என்று பெருமை அடித்திருக்கிறேன். அந்த வரியே மேல் வரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிழை இல்லை என்று செல்வி சொன்னதும் பொய். "ரத்தக்கசிவு" என்பதில் க் இல்லை. அம்மா மனது நோகக் கூடாது என்று மறைத்திருக்கிறாள், களவாணி.

கையை மட்டும் நம்பி இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன். அதற்கும் ஒரு கண் வேண்டும் போலிருக்கிறது.

2 ஜூன், திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "சீசன் வந்தாச்சு உமா. இந்த வாரமோ அடுத்த வாரமோ ஒரு புகார நீயே எழுதி, நீயே படிச்சுக் காட்டு. நான் நின்னு பாப்பேன். தங்குதடை இல்லாம வந்தா மேசை உனக்கு. இல்லன்னா ரிசப்ஷன்லயே இரு, அதுவும் மரியாதையான சோலிதான்."

தங்குதடை இல்லாமல். எனக்கு இப்போது வாசிக்க வருகிறது. ஆனால் மாட்டு வண்டி வேகம். சொல்லுக்குச் சொல் மேசைக்கு அடியில் விரல் ஓட வேண்டும். காஜா தம்பியிடம் சொன்னேன். "வேகத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது அக்கா. நீங்க வாசிச்சா அது வாசிப்பு. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றார். 

11 ஜூன், புதன்

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும்.

காலையில் வடிவம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். தோட்ட வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. கொழுந்தன் இசக்கிமணி பொதுப் பாதையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்கிறானாம். கேட்டதற்கு வாயில் வராததை எல்லாம் பேசி, கையை ஓங்கிக்கொண்டு வந்து, கொன்னுருவேன் என்றானாம். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "உமா, நீ உக்காரு" என்றார். தேவா எழுந்து இடம் விட்டான். என் நாற்காலி. பாட்டில் மட்டும் அங்கேயே இருந்தது.

அவள் சொன்னாள், நான் எழுதினேன். கை பறந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். முடித்தேன். சிவப்புப் பேனாவை வலது ஓரத்தில் நெடுக்காக வைத்தேன். படித்துக் காட்டத் தொடங்கினேன்.

பைய வந்தது. ஆனால் வந்தது. பெயர், ஊர், பாதை, டிராக்டர். இன்ஸ்பெக்டர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். நான் நிமிரவில்லை. அசிங்கமாகப் பேசி. விரல் தொடையில் ஓடியது. கையால். அ. டி. த். து.

நின்றுவிட்டேன்.

நான் எழுதியதுதான். என் கையெழுத்து. எத்தனையோ புகாரில் எழுதி எழுதிப் பழகிய வரி, கை தானாகப் போட்டுவிட்டது. வடிவம்மாள் அப்படிச் சொன்னாளா? சொன்ன மாதிரி எனக்கு நினைவு இல்லை. நிற்காமல் போனால் மேசை என்னுடையது. நின்றால் வாசிக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.  இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. தேவா பாவம், குனிந்து என் காதுக்குள், "அடித்து. யக்கா, அடித்து" என்றான்.

"வாசிச்சிட்டேன்லே. வாசிச்சதுனாலதான் நிக்கேன்" என்றேன்.

வடிவம்மாளைப் பார்த்துக் கேட்டேன். "அவன் உங்கள அடிச்சானா?"

"இல்ல தாயீ. கைய ஓங்கிட்டு வந்தான். அவன் பொண்டாட்டி ஓடி வந்து புடிச்சுக்கிட்டா. அடிக்கல."

"நான் அடிச்சான்னு எழுதிட்டேன்."

"ஐயோ, வேண்டாம் தாயீ. அவ மாசமா இருக்கா. இவன் உள்ள போயிட்டா அவள யாரு பாப்பா? பாதைய விடச் சொன்னாப் போதும். செய்யாதத எழுதினா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பாதையில நடப்பேன்?"

அந்தத் தாளை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அசிங்கமாகப் பேசி, கையை ஓங்கி. முதலில் இருந்து மறுபடியும் படித்துக் காட்டினேன், அதே மாட்டு வண்டி வேகத்தில். வடிவம்மாள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில், "பாதை இல்ல தாயீ, முடுக்குன்னு போடு, எங்க ஊருல முடுக்குன்னாதான் தெரியும்" என்று திருத்தக்கூடச் செய்தாள். என் எக்ஸ்பிரஸ் காலத்தில் யாரும் குறுக்கே பேசியதில்லை. வண்டி எங்காவது நின்றால்தானே ஏற முடியும்?

படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது. அந்த வரிக்குக் கீழே அவள் மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தாள்.

அவள் போன பிறகு இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்றார்.

"தங்குதடை இல்லாம வாசிக்கச் சொன்னேன்."

"ஆமா சார்."

"நின்னுட்டியே."

"நின்னேன் சார்."

தள்ளி வைத்த தாளை எடுத்து அந்த வரியைப் பார்த்தார். "இது இப்பிடியே போயிருந்தா அடிச்சதுக்கு 115(2)-உம் சேந்திருக்கும், என்ன?" என்றார். ஆமாம் என்றேன். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அறைப் பக்கம் போனவர், வாசலில் திரும்பாமலேயே சொன்னார்.

"தேவா, உன் தண்ணி பாட்டில அங்கன இருந்து எடுத்துக்கிடு."

12 ஜூன், வியாழன்

காஜா தம்பிக்குப் போன் செய்து சொன்னேன்.  "இன்னொரு ஆள விட்டுட்டீங்களா அக்கா" என்றார்.

22 ஜூன், ஞாயிறு

வார ஓய்வு. அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். புது பஸ் ஸ்டாண்டில் காற்றோடு சாரல். ஒரு வண்டி வந்து நின்றது. கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தேன். சிவகாசி. அதே கண்டக்டர், படியில் நின்றபடி, "ஏறுங்க ஏட்டம்மா, சிவகிரி வழியாத்தான் போவுது" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி, நீங்க போங்க" என்றேன்.

அடுத்தது வர நேரமாயிற்று. புடவை முந்தானை நனைந்துவிட்டது. வந்த வண்டியின் போர்டைத் தலை முதல் வால் வரை வாசித்தேன். சிவகிரி. ஏறிக்கொண்டேன்.